மழைக்காலத்துக்கு நீச்சல்குளத்தைக் காலி செய்துவிடலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயதான அப்பா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுடன், போன கோடையில் நீச்சல்குளத்தோடு சேர்ந்த ஒரு வீட்டை வாங்கியிருக்கிறார். கான்கிரீட் குளம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 2 மீட்டர். கோடையில் எந்தத் தொந்தரவும் இல்லை. குளிர்காலம் வந்ததும் நாள் கணக்கில் மழை. தண்ணீர், மேலே மிதக்கும் குப்பையை உள்ளே இழுக்கும் ஸ்கிம்மரின் வாயை மூடி, கரைக் கல்லைத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஃபில்டரை பேக்வாஷில், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி ஃபில்டரைக் கழுவும் நிலையில், போட்டுத் தண்ணீரை வெளியேற்றியிருக்கிறார். ஒரு நாள் அலுத்துப்போய், நீர்மூழ்கி பம்ப் ஒன்றை உள்ளே இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் ஆழமான முனையில் தொடையளவுதான் தண்ணீர் மிச்சம். வெளியேறிய தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரோரம் தேங்கி, அவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இதையெல்லாம் கேட்ட ஒப்பந்தக்காரர், "குளிர்காலத்தில் யார் குளிக்கப் போகிறார்கள்? மொத்தமாகக் காலி செய்து தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்பதுதான் முதல் கேள்வி. மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும், மழைநீர் சுத்தமானதுதானே, பக்கத்து வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் சில கேள்விகளும் இருக்கின்றன.

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். காலி செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் மற்ற எதைவிடவும் என்னைக் கவலைப்படுத்தியது இந்த யோசனைதான். குளம் நிரம்பி வழிவது தொல்லை. மழைக்காலத்தில் குளம் காலியாக இருப்பது ஆபத்து. இரண்டும் ஒரே அளவு பிரச்சினை என்று நீங்கள் நினைத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. அப்படி இல்லை.

குளத்தைக் கீழே பிடித்து வைத்திருப்பது தண்ணீர்தான்

தொடர்ந்து மழை பெய்தால் குளத்தைச் சுற்றியுள்ள மண்ணும் ஊறிப்போகும், நிலத்தடி நீர்மட்டம் மேலே வரும். அந்தத் தண்ணீர் குளத்தின் அடித்தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். வெறும் குடத்தை ஆற்றில் அமுக்கிப் பார்த்திருந்தால் அந்த விசை கைக்குத் தெரிந்திருக்கும். குடத்தில் தண்ணீர் இருந்தால் அப்படித் தள்ளாது. உங்கள் குளமும் அப்படித்தான்.

கணக்காகவே பார்ப்போம். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.5 மீட்டர். அப்படியென்றால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர், 48 டன் தண்ணீர். சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் கான்கிரீட் கூட்டின் எடை தோராயமாக 32 டன். வெளியே நிலத்தடி நீர் குளத்தின் சராசரி அடிமட்டத்துக்கு மேல் 1 மீட்டர் ஏறி நின்றாலே மேல்நோக்கித் தள்ளும் விசை 37 டன்னை ஒட்டி வந்துவிடும். தண்ணீர் நிரம்பிய குளத்தை இந்த விசை அசைக்காது. காலிக் குளத்துக்கு இது எடையைவிட அதிகம். சுற்றியுள்ள மண்ணின் பிடிமானம் கொஞ்சம் உதவும், ஆனால் ஊறிய மண்ணின் பிடியை நம்பி ஒரு குளத்தை விட முடியாது. குளம் மேலே எழும்பாவிட்டாலும் தரை விரிசல் விடலாம், குழாய் இணைப்புகள் முறியலாம். இழை கண்ணாடிக் குளங்கள் இன்னும் இலேசானவை என்பதால் அவற்றில் ஆபத்து கூடுதல். வினைல் விரிப்புக் குளங்களில் அடியிலிருந்து தண்ணீர் புகுந்து விரிப்பு உப்பிக்கொள்ளும்.

ஒப்பந்தக்காரர் தப்பான எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். மேட்டு நிலத்தில், நிலத்தடி நீர் ரொம்ப ஆழத்தில் இருக்கும் இடங்களில் காலிக் குளங்கள் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும், அதைப் பார்த்திருப்பார். உங்கள் வீட்டில் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

பல குளங்களில் அடி வடிகால் பக்கத்தில் ஒரு நீரழுத்த விடுவிப்பு வால்வு இருக்கும். வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும். உங்கள் குளத்தில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பிக் காலி செய்ய வேண்டாம். வருடக்கணக்கில் திறக்காத வால்வு மணலும் சுண்ணாம்பும் அடைத்து இறுகிப்போயிருக்கலாம். பூச்சு வேலைக்காக எப்போதாவது காலி செய்தே ஆக வேண்டுமென்றால் வறண்ட காலத்தில், நிலத்தடி நீர்மட்டத்தை ஒரு பொறியாளர் பார்த்த பிறகு செய்யுங்கள்.

அந்த இரவு நடந்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 80 லிட்டர் தள்ளும் சின்ன பம்ப்பே 8 மணி நேரத்தில் 38,400 லிட்டரை வெளியேற்றிவிடும். தெரியாதவர்களுக்கு இது மனதில் வராத கணக்கு. ஆனால் குளத்துக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். குளத்தில் தண்ணீர் அசையாமல் இருக்கும் நேரத்தில் கரையோரம் சுற்றி நடந்து, தண்ணீர் எந்த டைல் வரிசையைத் தொடுகிறது என்று நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். தண்ணீர் எப்போதும் சமமாகத்தான் நிற்கும். ஒரு மூலையில் தண்ணீருக்கு மேல் 4 சென்டிமீட்டர் டைல், எதிர் மூலையில் 6 சென்டிமீட்டர் என்று இருந்தால், ஒன்று கட்டும்போதே சாய்வு இருந்திருக்க வேண்டும், இல்லை குளம் நகர்ந்திருக்க வேண்டும். கரைக் கல்லுக்கும் சுற்றுத்தளத்துக்கும் நடுவில் புது இடைவெளி, தூக்கிக்கொண்ட ஓடு, முன்பு இல்லாத விரிசல் ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள்.

எவ்வளவு மட்டம் சரி?

சாதாரண நாளில் தண்ணீர் ஸ்கிம்மர் வாயின் பாதியில் நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறி வாய் முழுகிவிட்டால், மேலே மிதக்கும் இலையும் தூசியும் உள்ளே இழுபடாமல் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் அடியில் படியும். ஓரிரு நாள் இப்படி இருந்தால் குளத்துக்கு ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் குடை பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இல்லை என்பதை மனதில் வையுங்கள். வாரக்கணக்கில் கரைக் கல்லைத் தொட்டுக்கொண்டே நின்றால்தான் கல்லுக்கு அடியிலுள்ள கலவை ஊறி இளகும், டைலுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கும். மாறாக ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும். காற்றோடு ஓடும் பம்ப்பின் சீல் சூடேறிக் கெட்டுப்போகும், அது சீக்கிரமே நடக்கும்.

மழை அறிவிப்பு வந்ததும் எவ்வளவு இறக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மழை அளவை வானிலை அறிக்கைகள் மில்லிமீட்டரில் சொல்வது இதற்கு வசதி. 50 மில்லிமீட்டர் மழை என்றால் குளத்தில் நேராக விழுவது 5 சென்டிமீட்டர் உயரம், உங்கள் குளத்துக்கு 1,600 லிட்டர். ஆனால் 5 சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் குளம் 12 சென்டிமீட்டர் ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 7 சென்டிமீட்டர் வானத்திலிருந்து வரவில்லை. சுற்றுத்தளத்திலிருந்தோ கூரையிலிருந்தோ வந்திருக்கிறது. 45 சதுர மீட்டர் தளம் குளத்தைப் பார்த்துச் சரிந்திருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எனவே அடுத்த மழையில் ஐந்து நிமிடம் வெளியே நின்று, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து குளத்துக்குள் ஓடுகிறது என்று பாருங்கள். கூரைக் குழாய் தளத்தில் கொட்டினால் அதை வேறு பக்கம் திருப்புங்கள். தளம் உள்ளே சரிந்திருந்தால் ஓரத்தில் கம்பி மூடி போட்ட குறுகிய வடிகால் ஒன்றை ஓட்டலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். புல்தரை மண்ணோடு வரும் தண்ணீர் பாசிக்குத் தீனி போடுவதும் இதில் நிற்கும்.

பெரிய மழைக்கு முன் 10 சென்டிமீட்டர் இறக்கலாம், மிஞ்சிப் போனால் 15. ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போகும் அளவு இறக்கினால் ஸ்கிம்மர் குழாயின் வால்வை மூடி அடி வடிகாலிலிருந்து மட்டும் பம்ப் இழுக்கும்படி வையுங்கள், அது முடியாவிட்டால் பம்ப்பை நிறுத்திவிடுங்கள்.

இறக்கும்போது

பேக்வாஷ் எதற்கு என்றால் ஃபில்டர் மணலைக் கழுவ. மட்டத்தை இறக்க அது சரியான வழி இல்லை. மணலில் கொஞ்சம் அழுக்கு பிடித்திருந்தால்தான் அது நுண்ணிய தூசியை நன்றாக வடிகட்டும். மழைக்கு மழை கழுவிக்கொண்டே இருந்தால் தண்ணீர் கலங்கலாகவே இருக்கும், உங்கள் கடிதத்தில் அந்தப் புகாரும் இருக்கிறது. ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வில் 'வேஸ்ட்' என்று ஒரு நிலை இருக்கும். அதில் தண்ணீர் மணலைத் தொடாமல் நேராக வெளியே போகும். பம்ப்பை நிறுத்திவிட்டு, கைப்பிடியை அமுக்கித் திருப்பி, பிறகு பம்ப்பைப் போடுங்கள். ஓடும்போதே திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பிய்ந்துவிடும். நிமிடத்துக்கு 200 லிட்டர் ஓடும் பம்ப் 5 சென்டிமீட்டரை 8 நிமிடத்தில் இறக்கிவிடும். எனவே பக்கத்திலேயே நில்லுங்கள்.

பக்கத்தில் நிற்க முடியாத நாளுக்கு என் பரிந்துரை, தோட்டத்து ஹோஸ் குழாய். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குளத்தில் நீங்கள் விரும்பும் மட்டத்தில் கட்டிவையுங்கள். அடியில் போட்டுவிடக் கூடாது, இதுதான் முக்கியம். மறுமுனை அந்த மட்டத்தைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் தானாக வடியும். மட்டம் குழாய் வாய்க்கு வந்ததும் காற்று புகுந்து தானாக நின்றுவிடும். மெதுவாகத்தான் வடியும், ஆனால் மின்சாரம் வேண்டாம், நீங்கள் தூங்கிப் போனாலும் குளம் காலியாகாது. நீர்மூழ்கி பம்ப்தான் வேண்டும் என்றால் அதையும் இதேபோல விரும்பும் மட்டத்தில் தொங்கவிட்டு, மிதவை சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் இறங்கும் நேரத்தில் பிள்ளைகள் குளத்தில் இருக்கக் கூடாது. அடி வடிகாலின் உறிஞ்சும் விசை தலைமுடியையோ துணியையோ பிடித்துவிட்டால் விடுபடுவது கஷ்டம். அப்புறம், பம்ப் அறையில் தண்ணீர் நின்றால் அதில் கால் வைத்துக்கொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். வீட்டின் மெயினில் நிறுத்திவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். குளத்தின் மின்சார இணைப்பில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

நிலையான தீர்வு: வழிந்தோடும் குழாய்

உங்கள் குளத்தில் ஓவர்ஃப்ளோ குழாய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை சரியாகப் பாருங்கள். சில ஸ்கிம்மர் பெட்டிகளின் பக்கவாட்டில், வாயின் மேல் பகுதிக்கு நேராக, இதற்கென்றே ஒரு துளை விட்டு மூடியால் அடைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் வேலை பாதி முடிந்தது. மூடியை எடுத்துக் குழாய் இணைத்து, சரிவாக வெளியே கொண்டுபோக வேண்டியதுதான். இல்லையென்றால் ஸ்கிம்மருக்குப் பின்னால் தோண்டியோ, டைல் வரிசையில் துளை போட்டோ புதிதாக வைக்கலாம். துளை போடும் வேலையை அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை வெட்டிவிட்டாலோ, சுற்றி நன்றாக அடைக்காவிட்டாலோ புதிய கசிவு ஆரம்பித்துவிடும். பெரிய குழாய் எதுவும் தேவைப்படாது. மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டும் மழையிலும் உங்கள் குளத்தின் பரப்பில் விழுவது நிமிடத்துக்கு 27 லிட்டர்தான், 50 மில்லிமீட்டர் குழாய்க்கு அது சிரமமே இல்லை. வாயில் இலை பிடிக்கும் வலை ஒன்று மட்டும் மறக்காமல் போடுங்கள். உங்கள் பணத்தை எதிலாவது போட வேண்டுமென்றால் தார்ப்பாயில் போடாமல் இதில் போடுங்கள்.

தார்ப்பாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தார்ப்பாய் நடுவில் தொய்ந்து அதன்மேல் தனியாக ஒரு குளம் உருவாகும். உங்கள் குளத்தின் அளவுக்கு 10 சென்டிமீட்டர் தேங்கினால் 3,200 லிட்டர். ஒரு பிள்ளை அதில் காலை வைத்தால் பாயோடு சுருண்டு உள்ளே போய்விடும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. வீட்டில் பிள்ளைகளும் வயதான அப்பாவும் இருக்கிறார்கள். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் ஆள் எடையைத் தாங்கும் என்று சான்று பெற்ற பாதுகாப்பு மூடியாக வாங்குங்கள், மூடி வகைக்குத் தக்க நீர்மட்டத்தைத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அதற்குக் கீழே இறக்காதீர்கள். மூடி இருந்தாலும் வேலியும் பூட்டும் வேண்டும்.

மழைநீர் சுத்தமானதுதானே?

சுத்தமானதுதான், ஆனால் வெறும் தண்ணீர். உங்கள் குளத்துக்குத் தேவையான காரத்தன்மை, கால்சியம், குளோரின், குளோரினைச் சூரியனிலிருந்து காக்கும் நிலைநிறுத்தி எதுவும் அதில் இல்லை. பருவம் முழுக்க 300 மில்லிமீட்டர் மழை குளத்தில் விழுந்து அதே அளவு வெளியே போனால், நீங்கள் போட்டு வைத்த சத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மழைநீர் அமிலம், அதனால்தான் பிஎச் சரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மழைநீர் இலேசான அமிலம் என்பது உண்மை. ஆனால் பிஎச் இப்படி நிலையில்லாமல் ஆடுவதற்குப் பெரிய காரணம், அதைப் பிடித்து நிறுத்தும் காரத்தன்மை கரைந்து போனதுதான். குளிர்ந்த தண்ணீரில் கால்சியமும் குறைந்துவிட்டால் அந்தத் தண்ணீர் சுவர்ப் பூச்சிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கையால் தடவினால் பூச்சு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருப்பது அதனால்தான்.

மழை விட்டதும் உடனே சோதிக்காதீர்கள். புது மழைநீர் மேலாக நிற்கும், அதை எடுத்தால் தவறான அளவு காட்டும். சில மணி நேரம் பம்ப்பை ஓடவிட்டு, முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுங்கள். காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் 7.2 முதல் 7.8, கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 என்று பிடித்து வைத்தால் போதும். காரத்தன்மையை 10 பிபிஎம் ஏற்ற உங்கள் குளத்துக்குச் சுமார் 800 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர்

இதில் உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. "மழைத் தண்ணீர்தானே, எல்லார் வீட்டிலும் ஓடுகிறது" என்கிறீர்கள். ஆனால் தானாக ஓடும் மழைநீர் வேறு, ஓரிடத்தில் தேக்கி வைத்து பம்ப் போட்டு வெளியேற்றும் தண்ணீர் வேறு. இரண்டாவதால் அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வந்தால் பொறுப்பு வெளியேற்றியவர் மேல் விழுவது பல இடங்களிலும் வழக்கம். நான் வழக்கறிஞர் இல்லை. நோட்டீஸ் கீட்டீஸ் வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். அதற்கு முன்னால் நீங்களே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்து, இனி தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் மறுமுனையை எங்கே விடலாம் என்பதற்கு உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். சில இடங்களில் மழைநீர் வடிகாலில் குளத்துத் தண்ணீரை விடக் கூடாது, சில இடங்களில் கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது. எங்கே விட்டாலும் நிறைய இறக்கும் நாளுக்கு முன் குளோரின் போடுவதை நிறுத்தி, சோதனையில் பூஜ்யத்துக்கு வந்த பிறகு விடுங்கள். ஓடையிலோ ஏரியிலோ போய்ச் சேர்ந்தால் மிகக் கொஞ்சம் குளோரினே மீன்களைக் கொன்றுவிடும்.

கோடைக்குத் தண்ணீர் சேமிக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பருவம் முடியும்போது சேமிக்கலாம். கடைசி மழைகளில் மட்டத்தை ஸ்கிம்மர் பாதிக்கு இறக்காமல் முக்கால் வாய்வரை விட்டுவையுங்கள். வெயில் ஆரம்பித்ததும் ஆவியாகப் போகும் முதல் சில சென்டிமீட்டருக்குக் குழாய்த் தண்ணீர் செலவழிக்க வேண்டியிருக்காது.

இப்போதைக்கு டைல் வரிசையை அளந்துவிட்டு, ஸ்கிம்மர் பெட்டிக்குள் டார்ச் அடித்து அந்த மூடிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.